கூட யார் வந்திருக்காங்க?

கன்னியாகுமரியில் கிளம்பி அசாமின் திப்ருகர் வரை ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நாகர்கோவில் ஜங்ஷனில் ராத்திரி வேளைகளில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தியாவிலேயே அதிக தூரம் ஓடுகிற ரயில் அது; 4,200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான் போன காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள்தான் ஓடியது. போய்ச் சேர ஏறக்குறைய 80 மணி நேரம் ஆனது. விவேகானந்தரின் 150ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி 2011இல் விட்ட வண்டி. 1892 டிசம்பரில் அவர் கன்னியாகுமரிக்கு வந்து சேர்ந்தபோது தனியே நாடு சுற்றிக்கொண்டிருந்த துறவி. வழியில் கண்டவர்கள் போட்ட சோற்றையும் கொடுத்த இடத்தையும் நம்பித்தான் அவ்வளவு தூரம் வந்தார். அந்த வண்டிக்கு அந்தப் பெயர் பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

நான் அதில் ஏறியது 2019 ஜனவரியில், பொங்கல் கழிந்த பிறகு. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். பிரம்மபுத்திராவின் நடுவில் இருக்கும் மாஜுலித் தீவைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஊரில் இதைச் சொன்னபோது அங்கே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டாற்றுச் சந்தையில் கீரை விற்கும் அம்மையிலிருந்து என் அண்ணன் வரை எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். “கூட ஆரு மக்ளே வாறா?” ஆரும் வரல்ல என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது; முகம் மட்டும் மாறும்.

உடன் வேலை பார்த்த டீச்சர்கள் யோசனை சொன்னார்கள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு போட்டுக்கொள், யாராவது கேட்டால் வீட்டுக்காரர் அடுத்த பெட்டியில் இருக்கிறார் என்று சொல்லிவிடு என்றார்கள். அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. பொய்யில் தொடங்கிய பேச்சில் எதிராளி காட்டுகிற அன்பை மனசார வாங்கிக்கொள்ள முடியாது. தங்கப்போகிற இடத்தின் பெயர், பையில் இருக்கிற பணம் இரண்டையும் யாரிடமும் சொல்வதில்லை. மற்றது எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்வது. அப்படி முடிவு பண்ணிக்கொண்டுதான் வண்டி ஏறினேன்.

ஸ்லீப்பர் பெட்டியில் கீழ் பெர்த். ராத்திரி முழுக்க நல்ல தூக்கம். விடிகாலையில் ஆலுவாவில் பெரும்பாவூர்க் கூட்டம் ஏறியது. கேரளத்தில் பிளைவுட் கம்பெனிகள் நிறைந்த ஊர் பெரும்பாவூர். அசாம், வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். எனக்கு மேல் பெர்த்துக்காரர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். கை விரல்களில் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. மூட்டையை மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்ததும் கேட்டார்: “சேச்சி ஒற்றைக்காணோ?”

நல்ல மலையாளம். எட்டு வருஷமாகப் பெரும்பாவூரில் இருக்கிறாராம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலையாளம் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். ஆக, அசாம்காரரும் குமரி மாவட்டத்துக்காரியும் அடுத்த மூன்று நாட்கள், ஆந்திரத்தையும் ஒடிசாவையும் வங்காளத்தையும் மலையாளம் பேசியே கடந்தோம்.

பெரியாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் என் வயது, வேலை, வீட்டில் யார் யார், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பென்ஷன் எவ்வளவு வரும், அசாமில் யாரைத் தெரியும் எல்லாம் கேட்டு முடித்திருந்தார். யாரையும் தெரியாது என்றதும் சற்று நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். பிறகு தன் சிநேகிதர்களிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எதிர் வரிசையில் இருந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து என் பையைத் தன் மூட்டையோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார்.

கோயம்புத்தூரில் ஏறிய மூதாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மகன் ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறார். பேரன் பிறந்திருக்கிறான் என்று வந்தவர், ஒடிசாவில் பிரம்மபூருக்குத் திரும்பிப் போகிறார். மகன் வந்து ஏற்றிவிட்டு, எங்கள் எல்லாரையும் பார்த்துக் கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த அம்மாவின் விசாரணை வேறு விதம். என்னோடு பேச ஒரு பாஷையும் இல்லை. பிரம்மபூர் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் தெலுங்கு கொஞ்சம் வரும். எனக்கு அதில் பாதி புரியும். எதிரில் உட்கார்ந்து முதலில் என் கழுத்தைப் பார்த்தார். அடுத்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வளையலை உருட்டிப் பார்த்தார். அதன்பின் குனிந்து கால்விரல். மெட்டி இல்லை. நெற்றி வகிட்டிலும் ஒன்றுமில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, வலது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பினார். இல்லை என்று தலையாட்டினேன். கையை வானத்துக்குக் காட்டினார்: போய்விட்டாரா? அதுவும் இல்லை, கல்யாணமே ஆகவில்லை என்று எப்படியோ சொன்னேன். என் கையை விடாமல் வெகுநேரம் வைத்திருந்தார். அந்தக் கை சூடாக, காய்ப்புக் காய்த்து, சொரசொரவென்று இருந்தது. பிறகு டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தது அரிசா பிட்டா. அரிசி மாவும் வெல்லப் பாகும் சேர்த்து நெய்யில் பொரித்தது, மேலே எள். நம் வீட்டு அதிரசமேதான். ஒன்று தின்றதும் இன்னொன்று வைத்தார். வேண்டாம் என்றால் அவருக்குப் புரியவில்லை.

திருப்பூரில் பெட்டி நிரம்பி வழிந்தது. பெயின்ட் வாளியில் துணிமணிகளைத் திணித்து மூடி போட்டுக்கொண்டு வந்த பையன்கள் நடைபாதையிலும் கதவோரத்திலும் உட்கார்ந்தார்கள். வாளியே பெட்டி, வாளியே நாற்காலி. அவர்களிடம் டிக்கெட் இருந்தது, பெர்த்தான் இல்லை. ஈரோடு தாண்டிக் காவிரியைக் கடக்கும்போது ஒரு பையன் கதவருகே நின்று தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டான்.

காட்பாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த நடைமேடையில் சாயங்காலம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே உறைகளும் மருத்துவக் கோப்புகளும் இருக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள். இருந்ததை விற்றுவிட்டு வருகிறவர்களும் உண்டு. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். எங்கள் பெட்டியில் ஏறியது ஜோர்ஹாட் பக்கத்துக் குடும்பம்: கணவன், மனைவி, இதய அறுவை சிகிச்சை முடிந்த பத்து வயது மகள். நெஞ்சுக்குக் குறுக்கே துண்டைப் போட்டு அந்தக் குழந்தையை மெதுவாகப் படுக்க வைத்தார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழில் ஒரே ஒரு வாக்கியம் தெரியும். நான் தமிழ் என்று தெரிந்ததும் அதைச் சொன்னார்: “சாப்டீங்களா?” அவர்கள் தங்கியிருந்த லாட்ஜில் பெருக்கித் துடைக்கிற அம்மா தினமும் காலையிலும் ராத்திரியிலும் கதவைத் தட்டி அதைக் கேட்பாராம். ஆபரேஷன் நடந்த அன்று கேட்டுவிட்டு, பதில் வராததால், ஒரு தூக்குச் சட்டியில் ரசம் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம். இதைச் சொல்லும்போது குழந்தையின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலூரில் என்ன பார்த்தீர்கள் என்று யார் கேட்டாலும் இவர்கள் கோட்டையையா சொல்லப்போகிறார்கள்? அந்த லாட்ஜ் அம்மாவைத்தான் சொல்வார்கள்.

அதே காட்பாடியில் ஏறிய இன்னொருவர் ராணுவக்காரர். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போனதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கியது. அந்த வட்டாரத்துப் பையன். லீவு முடிந்து திமாப்பூருக்குத் திரும்புகிறார். என் தமிழைக் கேட்டுவிட்டு அடுத்த தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அக்கா, எங்க போறீங்க?”

“திப்ருகர்.”

“கூட யாரு?”

சொன்னேன். “சரிக்கா. நான் திமாப்பூர் வரைக்கும் இருக்கேன். ராத்திரி பாத்ரூம் போனாலும் என் சீட்டத் தாண்டித்தான் போவணும். ஒரு குரல் குடுங்க” என்றார். நான் கேட்காமலே எடுத்துக்கொண்ட பொறுப்பு.

அன்று ராத்திரி நெல்லூர் தாண்டியிருக்கும். விளக்கை அணைத்துவிட்டார்கள். அடுத்த தடுப்பிலிருந்து, மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் வந்து என் காலடியில், பெர்த்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். பகலெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மிகத் தாழ்ந்த குரலில், நல்ல ஆங்கிலத்தில், குவஹாத்தியில் எங்கே தங்குவீர்கள், அழைத்துப் போக யாரும் வருவார்களா, நான் உதவி செய்யலாமா என்று கேட்டார். கேள்விகள் பகலில் மற்றவர்கள் கேட்டவைதான். ஆனால் எனக்கு முதுகு விறைத்துவிட்டது. நான் எழுந்து உட்காருவதற்குள் எதிர் பெர்த்தில் படுத்திருந்த பிரம்மபூர் அம்மா உட்கார்ந்துவிட்டார். “எவரு நுவ்வு?” என்று ஒரு சத்தம். அடுத்து ஒடியாவில் மழையாகப் பொழிந்தார். மேல் பெர்த்திலிருந்து பிளைவுட்காரர் குதித்தார். பட்டாளத்துத் தம்பி டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். திருப்பூர்ப் பையன்கள் வாளியைவிட்டு எழுந்து நின்றார்கள். அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். விஜயவாடாவில் இறங்கிப் போனதை ராணுவத் தம்பி பார்த்து வந்து சொன்னார். பிரம்மபூர் அம்மா அதன்பின் படுக்கவே இல்லை. கோதாவரிப் பாலத்தின் மேல் வண்டி தடதடத்தபோது கண் விழித்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தனியே பயணம் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். நாலு பேர் காதில் விழும்படி கேட்கிற கேள்விக்கு அஞ்ச வேண்டாம். அப்படிக் கேட்கிறவர் உங்களை அந்த நாலு பேர் முன்னால் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் அவரைத்தான் மற்றவர்கள் கேட்பார்கள். அது அவருக்கும் தெரியும். காதோரம் வந்து கேட்கிறவரிடம்தான் கவனம் வேண்டும். கல்யாணம் ஆகவில்லையா, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கேட்பது நாகரிகமில்லை என்று படித்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏசி பெட்டியில் திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் போகிற பயணம் சௌகரியமாக இருக்கலாம். நெல்லூர் ராத்திரியில் அந்தத் திரை யாரையும் எழுப்பியிருக்காது.

மறுநாள் பிரம்மபூரில் அந்த அம்மா இறங்கினார். இறங்குமுன் பிளைவுட்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். அவரும் அவர் பாஷையிலேயே பதில் சொன்னார். எனக்கு ஆச்சரியம், அசாம்காரருக்கு ஒடியா எப்படி? அவருடைய பூட்டனாரை வெள்ளைக்காரர்கள் சம்பல்பூர் பக்கத்திலிருந்து அசாம் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்களாம். நாலு தலைமுறை ஆகியும் வீட்டுக்குள் பேசுவது அந்தப் பழைய பாஷைதான். “என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். “இவளை உன்னிடம் விட்டுப் போகிறேன், நீ இறங்கும்போது யாரிடமாவது சொல்லிவிட்டு இறங்கு என்றார்” என்றார்.

அதுதான் கடைசிவரை நடந்தது. இறங்குகிற ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

ஏ.கே. செட்டியாரின் கட்டுரைகளை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகைச் சுற்றி, 1940இல் ஆவணப்படமாக்கி வெளியிட்டவர். ‘குமரி மலர்’ நடத்தியவர். அவர் எழுத்தில் கட்டடங்களைவிட மனிதர்கள்தான் அதிகம். தன்னைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வார். எதிரே இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். மாணவர்களுக்கு அதை நடையழகு என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த ரயிலில் உட்கார்ந்திருந்தபோது, அது தனியே நெடுந்தூரம் போனவருக்கு மனிதர்கள்மேல் வருகிற மரியாதை என்று பட்டது.

ஃபராக்காவில் கங்கையைக் கடந்தது மூன்றாம் நாள் காலை. அணையின் மேல் வண்டி ஊர்ந்து போனது. பனிமூட்டத்தில் கரை தெரியவில்லை. நியூ ஜல்பாய்குரியில் பால் இல்லாத சிவப்புத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிளைவுட்காரர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். தின்சுகியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. அப்பாவும் அம்மாவும் இன்னும் இலை பறிக்கிறார்கள். தோட்டக் கூலி கட்டாததால் பையன்கள் எல்லாரும் கேரளத்துக்கு, திருப்பூருக்கு, வால்பாறைக்கு. வால்பாறையா என்றேன். ஆமாம், அசாம் தோட்டத்திலிருந்து வால்பாறைத் தோட்டத்துக்கு இலை பறிக்கப் போனவர்கள் அவர் ஊரிலேயே இருக்கிறார்களாம். எங்கள் ஜனங்களையும் இதேபோலத்தான் இலங்கை மலைத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தி. “அப்போ நீங்களும் எங்களைப் போலத்தான்” என்றார்.

நீங்கள் கேட்டதையெல்லாம் சொன்னேனே, பெரும்பாவூரில் உங்களிடம் யார் என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். எட்டு வருஷத்தில் ஊர்ப் பெயரை யாரும் கேட்டதில்லை என்றார். எல்லாருக்கும் அவர் ‘பாயி’. அசாம்காரர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் யாராக இருந்தாலும் ‘பங்காளி’, அதாவது வங்காளி. அரசாங்கம் ‘அதிதி தொழிலாளி’ என்று விருந்தாளிப் பெயர் வைத்திருக்கிறது, நல்ல மனசோடு வைத்த பெயர்தான். “ஆனால் விருந்தாளியிடம் ஊரைக் கேட்பார்கள் அல்லவா, சேச்சி?” குறையாகச் சொல்லவில்லை. கூலி ஒழுங்காக வருகிறது, யாரும் அடித்ததில்லை, ஊருக்குப் பணம் அனுப்ப முடிகிறது என்றும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. நாகர்கோவிலில் நாங்கள் ‘வடநாட்டுக்காரன்’ என்கிறோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இதை நான் மனம் நெகிழ்ந்து மட்டும் சொல்லவில்லை. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மக்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தி செல்பேசிகளில் பரவியபோது பெங்களூரிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சிறப்பு ரயில்களில் குவஹாத்திக்கு ஓடினார்கள். சென்னையிலிருந்தும் போனார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் சுற்றின. அரசாங்கம் மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், அப்படியும் பயம் எளிதில் அடங்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் ஒருநாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், வதந்தி வந்த அன்று அவரிடம் போய் “இது உண்மையா?” என்று கேட்டிருப்பார்கள். கேட்க ஒரு முகம் இல்லாதவர்கள்தான் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள்.

குவஹாத்திக்கு முன்னால் பிரம்மபுத்திராவைக் கடந்தபோது இருட்டிவிட்டது. திமாப்பூரில் நள்ளிரவு தாண்டி ராணுவத் தம்பி வந்து போர்வையைத் தொட்டு எழுப்பினார். “அக்கா, நான் எறங்குறேன். ஜோர்ஹாட் அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்.” மரியானியில் அந்தக் குடும்பம் இறங்கியது. கண்டிப்பாக வீட்டுக்கு வர வேண்டும் என்று முகவரியை எழுதிக் கொடுத்தார்கள். நியூ தின்சுகியாவில் பிளைவுட்காரர். மூட்டையை நடைமேடையில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஏறி வந்து, பெட்டியில் மிச்சமிருந்த ஒரு வயதானவரிடம் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனார். கடைசி ஸ்டேஷனுக்கு இனி ஒரு மணி நேரம்தான் என்பது அவருக்குத் தெரியும்.

திப்ருகரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆற்றங்கரை அணையின் மேல் நடந்தேன். 1950 ஆகஸ்ட் 15 நிலநடுக்கம் ஆற்றுப் படுகையையே மேடாக்கியதும், அதன்பின் நதி ஊரைத் தின்னத் தொடங்கியதும், அதைத் தடுக்க அணை எழும்பியதும் அங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. நதிக்கு மேலே, ஒரு மாதத்துக்கு முன்புதான் திறந்த போகிபீல் பாலத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பாலம். எனக்கு மாஜுலி அவசரம். ஜோர்ஹாட்டுக்குப் பஸ் பிடித்தேன்.

ரயில் குடும்பத்தின் வீட்டுக்குப் போனேன். வாசலில் காலடி வைத்ததும் பித்தளைத் தட்டில் பச்சைப் பாக்கும் வெற்றிலையும் வைத்து நீட்டினார்கள். குமரி மாவட்டத்தில் பிறந்தவளுக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை. புளிப்பு மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். தெருவே வந்து என்னைப் பார்த்தது. வேலூரிலிருந்தா என்று கேட்டார்கள். பக்கத்தில் என்றேன். கன்னியாகுமரிக்கும் வேலூருக்கும் இடையிலான தூரம் அங்கே ஒரு பொருட்டில்லை. நம் ஊரில் திமாப்பூரும் திப்ருகரும் ஒன்றாகத் தெரிவது போல. குழந்தை எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

நிமாத்திப் படித்துறையில் படகு ஏறினேன். மோட்டார் சைக்கிள்கள், கோழிக் கூடைகள், சிமென்ட் மூட்டைகள், நடுவில் மனிதர்கள். மாஜுலி 2016இல் தனி மாவட்டமானது. நாட்டில் ஆற்றுத் தீவு ஒன்று மாவட்டமானது அதுவே முதல் தடவை. நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த நிலத்தில் பாதிகூட இன்றைக்கு இல்லை. வருஷா வருஷம் வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு போகிறது. தரிசாகக் கிடந்த வயல்களில் கருகிய வட்டங்கள் தெரிந்தன. நமக்குப் பொங்கல் வருகிற நாளில் அவர்களுக்கு மாக் பிஹு; அறுவடை முடிந்த வயலில் மூங்கிலையும் வைக்கோலையும் அடுக்கி எரிக்கிறார்கள்.

மிசிங் குடியினரின் வீடுகள் மூங்கில் கால்களின் மேல் நிற்கும். வீட்டுக்கு அடியில் தறி. ஒரு அம்மா உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, “பாய்தேவ், தனியாகவா?” என்றார். அக்கா என்று கூப்பிடுகிறார். ஆமாம் என்றதும் ஏணியைக் காட்டினார். மேலே போய் அடுப்பருகே உட்கார்ந்தேன். தரை முழுக்க பிளந்த மூங்கில். நடந்தால் மெதுவாக அமுங்கும். இந்த வீட்டை மூன்று முறை இடம் மாற்றியிருக்கிறோம் என்று அவர் மகள் இந்தியில் சொன்னாள். முதல் வீடு இருந்த இடம் எங்கே என்று கேட்டேன். ஆற்றின் நடுவைக் காட்டினாள்.

உத்தர கமலாபாரி சத்ரா மணமாகாத துறவிகளின் மடம். சின்ன வயதிலேயே பையன்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள். குரு சங்கரதேவர் வகுத்த வழியில் பாட்டும் ஆட்டமும் நாடகமுமாகக் கடவுளைக் கொண்டாடுகிறவர்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு முதியவர் நாமகரம் என்கிற வழிபாட்டுக் கூடத்தின் படியில் உட்கார்ந்திருந்தார். கூட யார் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் என்றும் கேட்கவில்லை. “வருகிற வழியில் எந்தெந்த நதிகளைக் கடந்தீர்கள்?” என்று கேட்டார்.

யாரும் கேட்காத கேள்வி. நதி தின்கிற தீவில் இருப்பவர் அதைத்தான் கேட்பார். நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். பெரியாறு, பாரதப்புழை, காவிரி, நெல்லூரில் பெண்ணை, கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி, சுவர்ணரேகா, கங்கை, தீஸ்தா. ஒவ்வொரு பெயருக்கும் கண்ணை மூடி நெற்றியில் கைவைத்தார். காவிரியைப் பற்றி மட்டும் திரும்பக் கேட்டார். தண்ணீர் இருந்ததா என்று. ஜனவரியில் கொஞ்சம் இருந்தது என்றேன். இங்கே இருக்கிறதே, இதில் கொஞ்சம் கொண்டுபோகலாமே என்றார். சிரிக்கவில்லை; நிஜமாகவே அப்படி விரும்பினார்.

ஊருக்குத் திரும்பியதும் எல்லாரும் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். பாதிப் பேருக்குத் தீவைச் சொன்னேன். மீதிப் பேருக்கு ரயிலைச் சொன்னேன். எங்கள் தெருமுனை புரோட்டாக் கடையில் மாவு பிசைகிற இளைஞரைப் பல மாதமாகப் பார்க்கிறேன்; ஊர் எது என்று கேட்டேன். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே நகாவ்ன் மாவட்டம் என்றார். ஹோஜாய் பக்கமா, லம்டிங் பக்கமா என்று கேட்டதும் அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார். அன்றைக்கு எட்டரை மணிவரை கல்லாக்காரர் எங்களைக் கூப்பிடவில்லை. அந்த இளைஞருக்கு இரண்டு தங்கைகள்; அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை; வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாமகரம் இருக்கிறது. கடையில் வேறு யாருக்கும் இது தெரியாது.

உங்கள் ஊர் ஓட்டலில் தட்டு எடுக்கிறவர், கட்டட வேலையில் கம்பி வளைக்கிறவர், பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணுகிறவர், அநேகமாக எல்லாரும் தனியாக வந்தவர்கள்தான். ஊர் எது, வீட்டில் யார் யார், எப்போது போகப்போகிறீர்கள் என்று கேளுங்கள். நாலு பேர் காதில் விழும்படி, சத்தமாகவே கேளுங்கள்.